தொண்ணூறு விநாடிகளும் அதற்கு அப்புறமும்

2019 ஜூன் மாதம். சென்னையில் தண்ணீர் இல்லாத கோடை. மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்துக்கு லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ராத்திரி பதினோரு மணிக்கும் வரும், விடியற்காலை மூன்று மணிக்கும் வரும். வந்தால் சம்ப் மூடியைத் திறந்துவிட ஒருவர் விழித்திருக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டோம். என் முறை வந்த இரவுகளில்தான் எச்.பி.ஓ. தயாரித்த 'செர்னோபில்' தொடரின் ஐந்து பகுதிகளையும் பார்த்து முடித்தேன்.

முடித்த கையோடு தி.நகரில் இருக்கும் நண்பனுக்குப் போன் போட்டேன். அவனும் பார்த்திருந்தான். "மச்சான், நம்ம கல்பாக்கத்துல இப்படி ஒண்ணு ஆச்சுன்னா எங்கடா ஓடுறது? ஈசிஆர் மொத்தமா ஜாம் ஆயிடும்" என்றான். நானும் சளைக்காமல் ஜிஎஸ்டி ரோடு, பூந்தமல்லி, அங்கிருந்து வேலூர் என்று வழி சொன்னேன். அரைமணி நேரம் இருவரும் ரூட் போட்டோம்.

அந்த உரையாடலை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. 'ஆச்சுன்னா' என்று பேசிக்கொண்டிருந்தோமே, கல்பாக்கத்தில் 2003 ஜனவரியில் ஒன்று ஆகியே இருந்தது. ஊரைக் காலி செய்யவைக்கும் அளவுக்கு இல்லை. ஆனால் ஆறு தொழிலாளர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சு வாங்கியிருந்தார்கள். மயிலாப்பூர் குளத்திலிருந்து எழுபது கிலோமீட்டர் சுற்றளவுக்குள் நடந்தது. பொறியியல் படித்த எங்கள் இருவருக்குமே அது தெரியாது. பிரிபியத் தீயணைப்பு வீரர்களின் பெயர் தெரிந்திருந்தது.

கதை கேட்கும் குழந்தை 'அப்புறம்?' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். சொல்கிறவர் களைத்துப்போய் 'அவ்ளோதான், தூங்கு' என்றாலும் விடாது. கதிர்வீச்சைப் பற்றி நாம் பார்க்கிற, படிக்கிற கதைகளில் பெரும்பாலானவை அந்த 'அப்புறம்?' தொடங்க வேண்டிய இடத்தில் முடிந்துவிடுகின்றன என்பது என் புகார். அதிலும் விபத்துக்குப் பிறகு உள்ளே போய்க் குப்பை அள்ளியவர்கள் விஷயத்தில். மூன்று படைப்புகளை வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

*

கிரெய்க் மேசின் எழுதி யோஹான் ரெங்க் இயக்கிய அந்தத் தொடரின் நான்காம் பகுதியில் ஒரு காட்சி. வெடித்த உலையின் கிராஃபைட் துண்டுகள் பக்கத்துக் கட்டடத்தின் கூரையில் சிதறிக் கிடக்கின்றன. ஜெர்மனியிலிருந்து வந்த ரோபோ செயலிழந்துவிட்டது. மனிதர்களை அனுப்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் 90 விநாடி. ஓடு, மண்வெட்டியால் அள்ளு, கீழே தள்ளு, திரும்பி வா. கேமரா ஒரே ஓட்டமாக ஒரு வீரனின் முதுகோடு போகிறது. அவன் கால் இடறுகிறது, காலணி கிழிகிறது. அவன் பங்கு முடிந்தது என்கிறார் மேலதிகாரி. அந்த 'முடிந்தது' இரண்டு அர்த்தம் தரும்படி காட்சி அமைந்திருக்கிறது. நான் பார்த்ததிலேயே மிகச் சிறந்த தொலைக்காட்சிக் காட்சிகளில் அது ஒன்று.

ஆனால் அந்த வீரன் யார், அவனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று? தொடருக்கு அது வேண்டாம். கிழிந்த காலணியே பதில் என்று அது நினைக்கிறது.

தொடர் நன்றாகக் காட்டுவது வேறொரு சாவை. உடலுக்கு மிக அதிக கதிர்வீச்சு குறுகிய நேரத்தில் கிடைத்தால், வேகமாகப் பிரியும் செல்கள் முதலில் அழிகின்றன. எலும்பு மஜ்ஜை, குடலின் உள்தோல், மேல்தோல். சில வாரங்களில் ஆள் முடிந்துவிடுவார். செர்னோபிலில் இந்தத் தீவிரக் கதிர்வீச்சு நோய் உறுதி செய்யப்பட்டவர்கள் 134 பேர். அதில் 28 பேர் 1986க்குள் இறந்தார்கள். வெடிப்பாலும் காயத்தாலும் உடனே இறந்தவர்கள் இருவர். இந்தச் சாவுக்கு முகம் உண்டு. ஒப்பனைக் கலைஞர் வேலை செய்ய முடியும்.

லிக்விடேட்டர்கள் என்று அழைக்கப்பட்ட சுத்திகரிப்புத் தொழிலாளர்கள், படைவீரர்கள் கதை வேறு. ஏறத்தாழ ஆறு லட்சம் பேருக்கு அந்தத் தகுதிச் சான்று கொடுக்கப்பட்டது. 1986 முதல் 1990 வரை வேலை செய்தவர்களில் 5,30,000 பேரின் சராசரி அளவு 117 மில்லிசீவர்ட் என்கிறது ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழு. உலகில் ஒரு சராசரி மனிதருக்கு மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. அதாவது ஏறத்தாழ ஐம்பது வருடத்துக் கணக்கை இவர்கள் சில வாரங்களிலோ மாதங்களிலோ வாங்கினார்கள். இந்த அளவில் யாரும் தோல் உரிந்து சாவதில்லை. வீட்டுக்குப் போய்விடலாம். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம். அப்புறம் பத்து, இருபது, முப்பது வருடம் கழித்து ஏதாவது வரலாம், வராமலும் போகலாம். இதை எப்படிக் காட்சியாக்குவது?

தொடர் இந்தக் கேள்வியிடம் வராமல் இருந்திருந்தால் பரவாயில்லை. குறுக்குவழியில் பதில் சொல்லப் பார்க்கிறது. கணவனின் படுக்கை அருகே இருந்த கர்ப்பிணி மனைவியின் வயிற்றுக் குழந்தை கதிர்வீச்சை உறிஞ்சிக்கொண்டது என்கிறது. வெளியிலிருந்து கதிர்வீச்சு வாங்கிய ஒருவர், உடையைக் களைந்து உடலைக் கழுவிய பிறகு, பக்கத்தில் இருப்பவருக்கு அப்படிப்பட்ட ஆபத்து ஆவதில்லை. 1986இல் மாஸ்கோவுக்குப் போய் அந்த நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கேல் இதைப் பகிரங்கமாகவே மறுத்தார். பாலத்தில் நின்று தீயைப் பார்த்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை என்று சொல்லப்படுவதாகத் தொடரின் முடிவில் ஒரு வாசகம் வருகிறது. அதற்கும் ஆதாரம் கிடையாது. உலைக்கு அடியில் தண்ணீரில் இறங்கிய மூவரும் சில நாளில் செத்தார்கள் என்று உலகம் பல காலம் நம்பியது. மூவரும் பிழைத்தார்கள். ஒருவர் 2005இல் இதய நோயால் இறந்தார். இதைத் தொடரே முடிவில் சரியாகச் சொல்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"சரிடா, கொஞ்சம் மசாலா. அதனால என்ன?" என்று நண்பன் கேட்டான். இதனால் உயிரோடு இருக்கும் லிக்விடேட்டருக்குத்தான் நஷ்டம். எல்லாரும் செத்துவிட்டார்கள் என்ற கதை ஊரில் நிலைத்துவிட்டால், சாகாமல் எதிரே நிற்கும் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஆகிவிடும். அவர் கண்புரையோடு நிற்பார். 'அதெல்லாம் வயசானா வர்றதுதானே' என்பார்கள்.

*

அப்புறம் என்ன ஆயிற்று என்று தேடியவர்கள் தொற்றுநோயியல் ஆய்வாளர்கள். அவர்கள் கதை சொல்வதில்லை, எண்ணுகிறார்கள். உக்ரைனைச் சேர்ந்த 1,10,645 லிக்விடேட்டர்களை 1986 முதல் 2006 வரை, இருபது வருடம், பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2013இல் வெளிவந்தது. உக்ரைனும் அமெரிக்காவும் சேர்ந்து செய்தது. அத்தனை பேரில் 137 பேருக்கு லுகேமியா எனும் ரத்தப் புற்றுநோய் வந்திருந்தது. எங்கே, எத்தனை நாள், என்ன வேலை செய்தார்கள் என்று விசாரித்து அளவைக் கணித்தார்கள். அந்த 137இல் சுமார் 16 சதவீதத்துக்குக் கதிர்வீச்சு காரணம் என்பது அவர்கள் முடிவு.

இந்த எண்ணிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். 137இல் 16 சதவீதம் என்றால் ஏறத்தாழ 22 பேர். எந்த 22? அதைச் சொல்ல முடியாது. கதிர்வீச்சால் வந்த லுகேமியாவும் தானாக வந்த லுகேமியாவும் மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் 137 குடும்பங்களும் 'இது அதனாலதானா?' என்ற கேள்வியோடு இருக்கின்றன. அறிவியல் அவர்களிடம் 'உங்களில் 22 பேருக்கு ஆமாம்' என்று சொல்லிவிட்டு நிற்கிறது. இந்த நிலைமையைவிடப் பெரிய துயர நாடகத்தை எந்தத் திரைக்கதையாசிரியர் எழுத முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் யாரும் இதை எழுதுவதில்லை.

கண் விஷயத்தில் லிக்விடேட்டர்கள் உலகத்தின் விதியையே மாற்றினார்கள். கண்புரைக்கு அதிக அளவு வேண்டும் என்றுதான் முன்பு நினைத்தார்கள். உக்ரைனில் 8,607 லிக்விடேட்டர்களின் கண்களைச் சோதித்த ஆய்வு, அதைவிடக் குறைந்த அளவிலேயே வருவதைக் காட்டியது. இதுபோன்ற ஆய்வுகளின் பேரில் 2011இல் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம், தொழிலாளர் கண்ணுக்கான ஆண்டு வரம்பை 150 மில்லிசீவர்ட்டிலிருந்து சராசரி 20க்குக் குறைக்கப் பரிந்துரைத்தது. இன்று ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே ஓட விட்டபடி ஆஞ்சியோ செய்யும் இதய மருத்துவர் ஈயக் கண்ணாடி போட்டுக்கொள்கிறார் என்றால், அதில் அந்த மண்வெட்டிக்காரர்களின் பங்கும் உண்டு.

எண்கள் பயத்தைக் கூட்டுவது மட்டுமில்லை, குறைக்கவும் செய்யும். செர்னோபிலில் கதிர்வீச்சு வாங்கிய பெற்றோருக்குப் பின்னாளில் பிறந்த 130 பிள்ளைகளின் முழு மரபணுத் தொகுதியையும் படித்த ஆய்வு 2021இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. பிள்ளைகளிடம் புதிய மரபணு மாற்றங்கள் வழக்கத்தைவிட அதிகமாக இல்லை. அடுத்த தலைமுறைக்குப் போகும் சாபம் என்று பயந்து பிள்ளையே வேண்டாம் என்று இருந்தவர்களுக்கு முப்பத்தைந்து வருடம் தாமதமாக வந்த செய்தி இது. நம் பக்கத்தில் கேரளத்தின் கருநாகப்பள்ளியில் மோனசைட் மணலால் இயற்கையிலேயே கதிர்வீச்சு அதிகம். அங்கே சுமார் 70,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு, 2009இல், புற்றுநோய் கூடுதலாக இல்லை என்றது. மறுபக்கம், பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்று நாட்டு அணுசக்தித் தொழிலாளர் மூன்று லட்சம் பேரைப் பார்த்த ஆய்வு, 2023இல், ஒரு கிரே அளவுக்குத் திடப் புற்றுநோய் மரணம் 52 சதவீதம் கூடுகிறது என்றது. அதே வீதத்தில் 100 மில்லிகிரேக்குக் கணக்குப் போட்டால் சுமார் 5 சதவீதக் கூடுதல். நூறு பேரில் இருபது பேர் எப்படியும் புற்றுநோயால் சாவார்கள் என்று வைத்துக்கொண்டால், அது இருபத்தொன்று ஆகும்.

இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் உள்ள அந்த ஒரு ஆள்தான் இந்தக் கட்டுரையின் நாயகர். அவருக்கு முகம் கிடையாது.

*

ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்சின் 'செர்னோபில் பிரார்த்தனை' 1997இல் ரஷ்ய மொழியில் வந்தது. 2015இல் அவருக்கு நோபல் கிடைத்த பிறகு நம் ஊரில் பலரும் தேடிப் படித்தார்கள். நானும் அப்போதுதான் ஆங்கிலத்தில் படித்தேன். தொடரில் வரும் தீயணைப்பு வீரரின் மனைவி கதை இந்தப் புத்தகத்திலிருந்து வந்ததுதான். குழந்தை கதிர்வீச்சை வாங்கிக்கொண்டது என்ற நம்பிக்கையும் அந்த அம்மாவின் வாய்மொழியில் இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்திலும் அது ஒன்றல்ல. புத்தகத்தில் அது துக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் பேச்சு. அவருக்கு அப்படி நினைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. நாமும் அதை அவர் நெஞ்சின் உண்மையாக வாசிக்கிறோம். தொடரில் அதையே ஒரு விஞ்ஞானிப் பாத்திரம் சொல்லும்போது அது தகவல் ஆகிவிடுகிறது. சாட்சியத்தைத் தகவலாக மாற்றுவதுதான் அந்தத் தொடரின் பெரிய பிழை என்று எனக்குப் படுகிறது.

அலெக்ஸியேவிச் 'அப்புறம்?' என்று கேட்கத் தெரிந்தவர். விபத்து நடந்து பத்து வருடம் கழித்து மனைவிகளிடம், படைவீரர்களிடம், ஊருக்குத் திரும்பிவந்த கிழவிகளிடம் போய் உட்கார்ந்தார். லிக்விடேட்டர்கள் தங்களுக்குக் கிடைத்த சான்றிதழையும் பதக்கத்தையும் பற்றிப் பேசுகிறார்கள், பெண்கள் தங்களைத் தொடப் பயப்படுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். உடம்புக்கு நோய் வருவதற்கு முன்பே ஊர் அவர்களை நோயாளியாக்கிவிடுகிறது. நான் மேலே சொன்ன ஆய்வுகள் இதை அளக்கவில்லை.

ஆனாலும் இந்தப் புத்தகத்தோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. அதில் எல்லாத் துன்பமும் ஒரே நிறத்தில் இருக்கிறது. கதிர்வீச்சால் வந்தது, சோவியத் நாடு சிதறியதால் வந்தது, குடியால் வந்தது, பயத்தால் வந்தது எல்லாம் ஒரே பிரார்த்தனையில் கரைந்துவிடுகின்றன. அழகியலாக அது பலம். அந்த மக்களுக்கு அவை பிரிந்திருக்கவில்லை என்று வாதிடலாம். ஆனால் நிவாரண அலுவலகத்தில் ஒரு லிக்விடேட்டர் போய் நின்றால் அங்கே இருப்பவர் பிரித்துத்தான் கேட்பார். 'உன் நோய்க்கு எது காரணம்?' என்பார். அப்போது கைக்கு உதவுவது எண்தான். அலெக்ஸியேவிச் சாட்சியங்களைத் தொகுத்துச் செதுக்குகிறவர், தன் நூல்களைக் குரல்களின் நாவல் என்றே சொல்பவர். ஆப்கான் போரைப் பற்றிய அவருடைய நூலுக்காகச் சாட்சி சொன்ன தாய்மார்களில் சிலரே மின்ஸ்க் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். இலக்கியமாக அவர் நூல் நிற்கும். வழக்குக்கட்டில் நிற்காது. இரண்டும் வேண்டியிருக்கிறது என்பதை அந்த நூலைக் கொண்டாடும் நாம் மறந்துவிடுகிறோம்.

*

மூன்றாவது ஒரு ஜப்பானிய மாங்கா. கசுட்டோ தட்சுட்டா என்ற புனைபெயரில் ஒருவர் வரைந்த 'இச்சி எஃப்'. 2013இல் வெளிவரத் தொடங்கியது. புகுஷிமா முதல் அணுமின் நிலையத்தை அங்கே வேலை செய்பவர்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். விபத்து நடந்த மறு வருடம் அங்கே கூலிக்குச் சேர்ந்து, பார்த்ததை வரைந்தார்.

படிக்க ஆரம்பித்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். ஒன்றுமே நடக்காது. ஒப்பந்தக்காரருக்குக் கீழே ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே இன்னொருவர். வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று நாள்கணக்கில் காத்திருப்பு. வேனில் பயணம். எத்தனை அடுக்குக் கையுறை, முகமூடியை எப்படி ஒட்டுவது. முகமூடிக்குள் மூக்கு அரித்தால் சொறிய முடியாது, அதுதான் அன்றைய பெரிய பிரச்சினை. சட்டைப் பையில் இருக்கும் அளவுமானி கூவினால் கிளம்ப வேண்டும். வரம்பு நெருங்கிவிட்டால் வேலை போய்விடும். அதனால் தொழிலாளிக்குக் கதிர்வீச்சு என்பது பயம் என்பதைவிட ஒரு கையிருப்பு. சம்பளத்தைப் போல, கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்க வேண்டியது.

இந்தக் கதை அணுமின் நிலையத்துக்குச் சாதகமானது என்று குறை சொல்லலாம். ஆசிரியர் கோபப்படுவதே இல்லை. ஆனால் நான் படித்த மூன்றில் தொழிலாளியின் உண்மைக்கு மிக அருகில் இருப்பது இதுதான். ஆபத்து ஒரு கணத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது என்பதை வேறு யாரும் இவ்வளவு பொறுமையாகக் காட்டவில்லை. ஐ.டி. கம்பெனியில் மணிக்கணக்கை டைம்ஷீட்டில் நிரப்பிக்கொண்டிருக்கும் எனக்கு அந்தத் தாளத்தை உடனே அடையாளம் தெரிந்தது.

இதோடு ஜப்பான் அரசின் ஒரு விதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே அணுத் தொழிலாளிக்கு லுகேமியா வந்தால், வேலை செய்த வருடங்களை 5 மில்லிசீவர்ட்டால் பெருக்கி, அந்த அளவோ அதற்கு மேலோ வாங்கியிருந்தால், வேலையில் சேர்ந்து ஒரு வருடத்துக்குப் பிறகு நோய் வந்திருந்தால், தொழில்நோய் என்று ஏற்கலாம். புகுஷிமா சுத்திகரிப்பில் முதலாவதாக ஒருவருக்கு 2015இல் இப்படி ஏற்றார்கள். 2018இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்த ஒருவரின் சாவு ஏற்கப்பட்டது. அவர் வாங்கிய மொத்த அளவு 195 மில்லிசீவர்ட். இந்த விதி 'உன் நோய் கதிர்வீச்சால்தான் வந்தது' என்று நிரூபிப்பதில்லை. எந்த 22 பேர் என்று தெரியாதபோது சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறது. பிரிட்டனில் 1982 முதல் தொழிற்சங்கங்களும் நிர்வாகமும் சேர்ந்து நடத்தும் திட்டமும் இதே மாதிரி, நிகழ்தகவுக்கு ஏற்றபடி விகிதம் போட்டுப் பணம் தருகிறது. முகமில்லாத அந்த ஒரு ஆளுக்குச் சட்டம் கொடுத்த முகம் என்று இதைச் சொல்வேன்.

*

இப்போது கல்பாக்கம்.

அங்கே இருப்பது மின் உலைகள் மட்டுமல்ல. எரிந்த எரிபொருளைக் கரைத்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் மறுசுத்திகரிப்பு ஆலையும் உண்டு. 2003 ஜனவரி 21 அன்று அங்கே கழிவுத் தொட்டிப் பகுதியில் குறைந்த கதிரியக்கம் உள்ள கழிவிலிருந்து மாதிரி எடுக்கப் போனார்கள். அதிகக் கதிரியக்கக் கழிவைப் பிரித்துவைத்திருந்த வால்வு பழுதாகியிருந்தது. அதிகக் கழிவு இந்தப் பக்கம் வந்துவிட்டது. அந்த இடத்தில் கதிர்வீச்சைக் காட்டி எச்சரிக்கும் கருவி இல்லை. எடுத்துவந்த மாதிரியை ஆய்வகத்தில் கையாண்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஆறு பேர் ஆண்டு வரம்பைப் போலப் பல மடங்கு வாங்கியிருந்தார்கள். இந்தியாவில் எந்த ஒரு வருடத்திலும் தொழிலாளிக்கு மேல்வரம்பு 30 மில்லிசீவர்ட்.

தொழிற்சங்கம் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியது. கேட்டவற்றில் ஒன்று, முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர். பதில் வராமல் பிறகு வேலைநிறுத்தம், இடமாற்றங்கள் என்று போயிற்று. விபத்து நடந்து மாதங்கள் கழித்தே செய்தித்தாள்கள் வழியாக நமக்குத் தெரிந்தது. கதிர்வீச்சு வாங்கியதில் இந்திய அணுசக்தி வரலாற்றிலேயே மிக மோசமான விபத்து இது என்று பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநரே அப்போது சொன்னார். தொழிலாளர்கள் அளவுமானிப் பட்டை அணியவில்லை என்றும் நிர்வாகம் குறை சொன்னது. எம்.வி. ரமணா இந்திய அணுசக்தி பற்றி எழுதிய நூலில் இதற்குப் பதில் சொல்கிறார்: அந்தப் பட்டை பிறகு எடுத்துப் படிப்பதற்கானது, அந்தக் கணத்தில் எதையும் எச்சரிக்காது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பாபா மையத்தின் நிலையங்கள் 2000ஆம் ஆண்டிலேயே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து விலக்கப்பட்டிருந்தன. இந்த ஆலை அந்த மையத்தினுடையது. விபத்து நடந்தவர்களே விபத்தை விசாரித்தார்கள்.

அதற்கு நான்கு வருடம் முன்பு, 1999 மார்ச் 26 அன்று, இரண்டாவது மின் உலையில் டன் கணக்கில் கனநீர் கசிந்தது. கனநீரில் டிரிட்டியம் இருக்கும். மூச்சிலும் தோலிலும் புகுந்து உடம்புத் தண்ணீரோடு கலந்துவிடும். உள்ளே போய் அடைத்ததும் துடைத்ததும் ஊழியர்கள்தான். நம் ஊர் லிக்விடேட்டர்கள் என்றால் இவர்கள்தான்.

அந்த ஆறு பேருக்கு வருகிறேன். இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு சீவர்ட்டுக்குச் சுமார் 5 சதவீதக் கூடுதல் ஆபத்து என்பது பாதுகாப்புக் கணக்குகளில் பயன்படும் பொது வீதம். அதன்படி பார்த்தால், அந்த ஆறு பேரில் ஒருவருக்குக்கூட இதனால் புற்றுநோய் வராமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். ஒருவருக்கு வந்தாலும் அது இதனால்தான் என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. ஆறு பேரை வைத்து எந்த ஆய்வும் எதையும் நிறுவ முடியாது. 1,10,645 பேர் இருந்ததால்தான் உக்ரைனில் 16 சதவீதம் என்று சொல்ல முடிந்தது.

அப்படியென்றால் விட்டுவிடலாமா? நான் படித்த தொழிலே 'விடாதே' என்கிறது. மென்பொருள் படித்தவர்களுக்கு 'தெராக் 25' தெரிந்திருக்கும். கனடா அணுசக்தி நிறுவனம் செய்த புற்றுநோய் சிகிச்சை இயந்திரம். கல்பாக்கம் மின் உலைகளின் வடிவமைப்புக்கு மூதாதையான கண்டு வகை உலையை உருவாக்கியதும் அதே நிறுவனம்தான். 1985 முதல் 1987 வரை அந்த இயந்திரம் மென்பொருள் பிழையால் ஆறு நோயாளிகளுக்கு மிகையான கதிர்வீச்சைக் கொடுத்தது. குறைந்தது மூன்று பேர் அதனால் இறந்தார்கள். இயக்குபவர் வேகமாகத் தட்டச்சு செய்து திருத்தினால் பிழை வரும். பழைய இயந்திரத்தில் இருந்த வன்பொருள் தடுப்பை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் நம்பியிருந்தார்கள். நிறுவனம் முதலில் 'இப்படி நடக்கவே முடியாது' என்றது. டெக்சஸில் ஒரு மருத்துவமனை இயற்பியலாளர் இயக்குபவரோடு உட்கார்ந்து பிழையைத் திரும்ப வரவழைத்துக் காட்டினார். நான்சி லெவ்சனும் கிளார்க் டர்னரும் 1993இல் எழுதிய விசாரணைக் கட்டுரையில் ஆறு சம்பவங்களும் ஒவ்வொன்றாக, யார் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பது வரை இருக்கிறது.

அங்கேயும் ஆறு பேர். இங்கேயும் ஆறு பேர். சென்னையில் பொறியியல் படிக்கும்போது அந்த ஆறு பேரைப் பற்றி எங்களுக்குப் பாடம் நடந்தது, பரீட்சையில் கேள்வி வந்தது. பழுதான வால்வு, இல்லாத எச்சரிக்கைக் கருவி, பதில் வராத கடிதம் என்று அதே அளவுக்குப் பாடம் சொல்லக்கூடிய ஒன்று பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருந்தது. அது பாடமாகவில்லை, ஏனென்றால் அது எழுதப்படவில்லை.

எழுதுவதற்கு நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்திவருகிறது. அதன் ஊழியர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய் யாருக்கு எந்தப் புற்றுநோய், எந்த வயதில், எந்தப் பகுதியில் என்று எழுதி எடுக்கிறார்கள். 2012இலிருந்து இந்த வேலை மாநிலம் முழுவதற்கும் விரிந்திருக்கிறது. மறுபக்கம், கதிர்வீச்சுப் பணியாளர் ஒவ்வொருவரின் அளவும் தேசியப் பதிவேடு ஒன்றில் வருடாவருடம் ஏறுகிறது. டேட்டாபேஸ் தெரிந்தவனுக்கு இது இரண்டு அட்டவணை, ஒரு ஜாயின். பெயர்களை ஊருக்குச் சொல்ல வேண்டாம், அது அவரவர் அந்தரங்கம். சுயேச்சையான ஆய்வாளர்கள் கையில் கொடுத்து, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் விடாமல் சேர்த்து, ஓய்வு பெற்ற பிறகும் சாகும்வரை பின்தொடர்ந்து, முடிவைப் பொதுவில் வைக்க வேண்டும். ஒன்றுமில்லை என்று வந்தால் அதையும் நம்பலாம். இப்போது 'ஒன்றுமில்லை' என்று யார் சொன்னாலும் நம்ப முடியவில்லை, 'எல்லாம் போச்சு' என்று யார் சொன்னாலும் மறுக்க முடியவில்லை. கதிர்வீச்சு நோய்களைத் தொழில்நோயாக நம் நஷ்டஈட்டுச் சட்டம் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் எண் இல்லாதவன் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

*

லஸ் பக்கம் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடைக்கு வரும் ஒரு பெரியவரைத் தெரியும். அணுமின் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கே என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கட்டுரைக்காக நான் படிப்பதைச் சொன்னேன்.

"என் லைஃப்டைம் டோஸ் எனக்கு மனப்பாடம் தம்பி. பென்ஷன் நம்பர் மாதிரி" என்று ஒரு எண்ணைச் சொன்னார். பெரிய எண் இல்லை.

"அதுக்கு என்ன அர்த்தம்னு யாராவது சொல்லியிருக்காங்களா சார்?"

"லிமிட்டுக்கு உள்ளன்னு சொல்லியிருக்காங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். அவரும் அந்தத் தொடரைப் பார்த்திருந்தார். பேரன் போட்டுக் காட்டினானாம். "அந்தக் கூரை மேல ஏறினானுங்களே பசங்க, அவங்கல்லாம் அப்புறம் என்ன ஆனாங்க? அதைச் சொல்லவே இல்லையே" என்றார்.

ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேரை இருபது வருடம் பின்தொடர்ந்ததைச் சொன்னேன். 137 என்றேன், 22 என்றேன், எந்த 22 என்று தெரியாது என்றேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"பரவாயில்லை, எண்ணியாவது வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு சுற்று பாக்கி இருக்கிறது என்று எழுந்து நடக்க ஆரம்பித்தார்.